பார்ட்டிஷன் மாற்றும்போது படுத்துவிட்ட லினக்ஸ் சர்வரை மீட்பது எப்படி

இரவு பதினொன்றரைக்கு, பத்து நிமிட வேலைதானே என்று உட்கார்ந்தேன். 2 டெராபைட் டிஸ்க். அதில் தரவு இருக்கும் மூன்றாவது பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதியை, கொஞ்சம் சுருக்கி, மிச்ச இடத்தில் பேக்கப்புக்கென்று புதிதாக ஒன்று போட வேண்டும். சர்வர் மறுபடி ஒழுங்காக எழுந்து நிற்க மூன்று நாள் ஆனது.

செய்த தப்பு இதுதான். உள்ளே கோப்புகளை அடுக்கி வைத்திருக்கும் ஃபைல்சிஸ்டத்தைச் சுருக்காமல் பார்ட்டிஷனை மட்டும் சுருக்கிவிட்டேன். மிச்ச இடத்தில் புது ஈஎக்ஸ்டி4 (லினக்ஸில் வழக்கமான ஒரு ஃபைல்சிஸ்டம் வகை) போட்டு ரீபூட் செய்தேன். சர்வர் எமர்ஜென்சி மோடில் போய் நின்றது. அங்கே ஃபைல்சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டினேன். சூப்பர்பிளாக் (ஃபைல்சிஸ்டத்தின் அளவு போன்ற விவரங்கள் உள்ள பகுதி) சொல்லும் அளவும் டிஸ்க்கில் உள்ள அளவும் ஒத்துப்போகவில்லை, நிறுத்திவிடவா என்று அது தெளிவாகவே கேட்டது. வேண்டாம் என்று தட்டினேன். அதற்கப்புறம் வந்த கேள்விக்கெல்லாம் ஆம், ஆம், ஆம். பார்ட்டிஷனைச் சுருக்கியதில் போனது கொஞ்சம்தான்; இந்த ஆம்களில் போனதுதான் அதிகம்.

எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்திருக்கும் பார்ட்டிஷன் டேபிள், வீட்டின் வரைபடம் மாதிரி; அதைக் கிழித்தால் வீடு இடிந்துவிடாது. பழைய எம்பிஆர் முறையில் அது வெறும் 64 பைட். அதற்கு அடுத்து வந்த ஜிபிடி முறையில் டிஸ்க்கின் தலையில் 34 செக்டர் (செக்டர் என்பது டிஸ்க் படித்து எழுதும் மிகச் சின்னத் துண்டு, வழக்கமாக 512 பைட்), வாலில் அதன் நகலாக 33 செக்டர். இந்தச் சின்ன இடத்தைச் சரியாக எழுதிவிட்டால் பெரும்பாலும் எல்லாம் திரும்பி வந்துவிடும். அதற்குள் வேறு எதையும் எழுதாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டளைப் பெயர்களை ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன். தட்டுவதற்கு முன் ஒவ்வொன்றின் மேன் பக்கத்தையும் (கட்டளையின் கையேடு) ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. கீபோர்டிலிருந்து கையை எடுங்கள்

சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்படியென்றால் ரீபூட் செய்யாதீர்கள். நீங்கள் டிஸ்க்கில் டேபிளை மாற்றி எழுதியிருந்தாலும், மவுண்ட் ஆகியிருக்கும் (பயன்பாட்டில் இணைந்திருக்கும்) பார்ட்டிஷன்களின் பழைய அளவை லினக்ஸின் மையமான கர்னல் நினைவில் வைத்திருக்கும். மாற்றியபோது "டிவைஸ் பிஸி, பழைய டேபிளையே பயன்படுத்துகிறேன்" என்ற பொருளில் எச்சரிக்கை வந்ததா? வந்திருந்தால் அது நல்ல செய்தி. ரீபூட் செய்தாலோ, டேபிளை மறுபடி படிக்கச் சொல்லும் பார்ட்ப்ரோப், பார்ட்எக்ஸ் போன்ற கட்டளைகளைத் தட்டினாலோ அந்த நினைவு போய்விடும்.

அந்த நினைவைப் படிக்க, சிஸ் அடைவுக்குள் பிளாக், அதற்குள் உங்கள் டிஸ்க்கின் பெயர், அதற்குள் பார்ட்டிஷனின் பெயர் என்று போங்கள். அங்கே ஸ்டார்ட், சைஸ் என்று இரண்டு கோப்புகள் இருக்கும். அவற்றில் இருக்கும் எண்கள் எப்போதும் 512 பைட் செக்டர் கணக்கு. டிஸ்க் 4096 பைட் செக்டர் உடையதாக இருந்தாலும் இங்கே 512தான். எல்லாப் பார்ட்டிஷனுக்கும் இந்த இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள்.

தரவு இருக்கும் பார்ட்டிஷன் இன்னும் மவுண்ட் ஆகியிருந்து, கோப்புகள் திறக்கின்றன என்றால், வேறு எதையும் யோசிக்காமல் முக்கியமானவற்றை ஆர்சிங்க் கொண்டு வேறொரு மெஷினுக்கு நகலெடுங்கள். இதைவிட நல்ல வாய்ப்பு இனிமேல் கிடைக்காது.

அப்புறம், டிஸ்க்கில் எழுதுபவற்றை எல்லாம் நிறுத்துங்கள்: டேட்டாபேஸ், வெப்சர்வர், கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை), ஸ்வாப் (ரேமுக்குத் துணையான டிஸ்க் இடம்). எஸ்எஸ்டி என்றால் எஃப்எஸ்ட்ரிம் டைமரை முதலில் நிறுத்த வேண்டும். பல விநியோகங்களில் அது வாரம் ஒருமுறை தானாக ஓடும். காலி என்று நினைக்கும் இடத்தை எஸ்எஸ்டியிடம் ஒப்படைத்துவிடும். அப்படிப் போன தரவை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. புது ஈஎக்ஸ்டி4 போடும் எம்கேஎஃப்எஸ் கட்டளையும் இயல்பாகவே இதைச் செய்யும். அதனால் "தப்பாகிவிட்டது, திரும்ப ஒருமுறை ஃபார்மட் செய்து பார்க்கலாம்" என்ற யோசனை வந்தால் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள்.

2. காகிதங்களைச் சேருங்கள்

மீட்பு வேலையில் பாதி நேரம் பழைய எண்களைத் தேடுவதிலேயே போகும். கையில் இருக்க வேண்டியவை:

- பழைய பார்ட்டிஷன் பட்டியல். எஃப்டிஸ்க், பார்ட்டெட், எல்எஸ்பிஎல்கே என்று எதன் வெளியீடாக இருந்தாலும் சரி. வேலை தொடங்கும் முன் நீங்கள் ஒருமுறை பட்டியலிட்டுப் பார்த்திருப்பீர்கள். டெர்மினலை மேலே உருட்டினால் கிடைக்கும். எனக்கு அங்கேதான் கிடைத்தது. டெர்மினல் ஜன்னலை மூடிவிடாதீர்கள்.
- எந்தப் பார்ட்டிஷனை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பின் நகல்.
- எல்விஎம் (பார்ட்டிஷன்களுக்கு மேல் அமையும் டிஸ்க் மேலாண்மை அடுக்கு) இருந்தால், ஈடிசி அடைவில் எல்விஎம் என்பதன் கீழ் உள்ள பேக்கப், ஆர்கைவ் அடைவுகள்.
- டிஸ்க் லக்ஸ் என்ற மறையாக்க முறையில் பூட்டப்பட்டிருந்தால் கடவுச்சொல். லக்ஸ் ஹெடரின் (சாவி விவரங்கள் உள்ள தலைப்பகுதி) பேக்கப் இருந்தால் அதுவும்.
- வாடகை சர்வர் என்றால் கட்டுப்பாட்டுப் பக்கத்தின் லாகின், ரெஸ்க்யூ மோடை (உங்கள் டிஸ்க்கைத் தொடாமல் ஒரு மீட்பு சிஸ்டத்தை பூட் செய்யும் வசதி) இயக்கும் உரிமை. கணக்கு வேறொருவர் பெயரில் இருந்தால் அவரை இப்போதே எழுப்புங்கள்.

கர்னல் லாகில் போய்த் தேட வேண்டாம். அங்கே பார்ட்டிஷன்களின் பெயர்தான் இருக்கும், தொடக்க எண் இருக்காது. அதில் எனக்கு ஒரு மணி நேரம் வீண்.

3. வெளியிலிருந்து பூட் செய்யுங்கள்

பழுதான டிஸ்க்கிலிருந்தே பூட் செய்து அதையே சரிசெய்யப் பார்ப்பது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுகிற கதை. சிஸ்டம்ரெஸ்க்யூ லைவ் இமேஜை ஒரு யுஎஸ்பியில் எழுதி பூட் செய்யுங்கள். கீழே சொல்லப்போகிற கருவிகள் எல்லாம் அதில் உண்டு. வாடகை சர்வரில் ரெஸ்க்யூ மோடு இருக்கும். கிளவுடு மெஷின் என்றால் அதை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு மெஷினில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சர்வரில் எஸ்டிஏ என்று இருந்த டிஸ்க் லைவ் சிஸ்டத்தில் எஸ்டிபி ஆகியிருக்கலாம். பெயரை நம்பாமல், எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவையும் சீரியல் எண்ணையும் காட்டச் சொல்லி உறுதிசெய்யுங்கள். லைவ் சிஸ்டம் உங்கள் டிஸ்க்கில் இருக்கும் ஸ்வாப்பைத் தானாக எடுத்துக்கொண்டதா என்றும் பாருங்கள். எல்லாம் சரி என்றால், பிளாக்டெவ் கட்டளையில் "செட்ஆர்ஓ" கொடுத்து டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று ஆக்கிவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் நடக்கும் விபத்துகள் பலவற்றை இந்த ஒரு வரி தடுக்கும்.

4. முழு நகல் எடுங்கள்

எல்லோரும் தாண்டிப்போக விரும்பும் படி இது. நானும் தாண்டினேன். நகல் இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் தப்புச் செய்து பார்க்கலாம்; இல்லையென்றால் ஒரே ஒரு முறை.

டிடி கட்டளையைவிட ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ நல்லது. படிக்க முடியாத செக்டரில் நின்றுவிடாது, எங்கே விட்டது என்று மேப் கோப்பில் குறித்துக்கொள்ளும், நடுவில் நின்றாலும் அங்கிருந்தே தொடரும். மூலம் முதலில், இலக்கு இரண்டாவதாக, மேப் கோப்பு கடைசியில். மூலத்தையும் இலக்கையும் மாற்றிப் போட்டால் காலி டிஸ்க் உங்கள் தரவின் மேல் எழுதப்படும். என்டர் தட்டும் முன் வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். எஸ்எஸ்ஹெச் வழியாகச் செய்கிறீர்கள் என்றால் இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடரவைக்கும் டீமக்ஸுக்குள் ஓட்டுங்கள்.

நேரக் கணக்கு இது. சுழலும் டிஸ்க் வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படித்தால் 1 டெராபைட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். 4 டெராபைட்டுக்கு ஏழரை மணி நேரம். 1 ஜிகாபிட் நெட்வொர்க் வழியாக அனுப்பினால் 1 டெராபைட்டுக்கு இரண்டரை மணி நேரம் என்று வையுங்கள். செலவு என்று பார்த்தால், அதே அளவோ பெரியதோ ஆன ஒரு டிஸ்க். கிளவுடில் ஸ்னாப்ஷாட் எடுத்தால் அது இருக்கும் காலத்துக்குச் சேமிப்பு வாடகை வரும். வேலை முடிந்ததும் அழிக்க மறந்தால் மாதாமாதம் பில்லில் வந்து நிற்கும்.

நகலெடுக்க இடமே இல்லை என்றால், குறைந்தது டிஸ்க்கின் தலையில் 10 மெகாபைட்டையும் வாலில் 10 மெகாபைட்டையும் கோப்பாக எடுத்து வையுங்கள். டேபிளை எழுதும்போது சொதப்பினால் பழைய நிலைக்காவது திரும்பலாம்.

டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டாலோ, டிஸ்க் தன் நலம் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் பழுதான செக்டர்களின் எண்ணிக்கை பார்க்கப் பார்க்க ஏறினாலோ, அது பார்ட்டிஷன் பிரச்சினையே இல்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தரவு மீட்பு நிறுவனத்திடம் கொடுங்கள். பணம் கட்டும் முன், மீட்கக்கூடிய கோப்புகளின் பட்டியலைக் காட்டுவார்களா என்று கேளுங்கள்.

5. பழைய டேபிளைத் திரும்ப எழுதுங்கள்

இனிமேல் வரும் எல்லாவற்றையும் நகலின் மேல் செய்யுங்கள். எதை முதலில் முயல்வது என்பது உங்களிடம் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

தொடக்க எண்ணும் அளவும் தெரியும் என்றால் வேலை சுலபம். எஃப்டிஸ்க்கில் அதே எண்களைக் கொடுத்து (4096 பைட் செக்டர் டிஸ்க் என்றால் சிஸ் அடைவில் எடுத்த எண்களை 8 ஆல் வகுத்து) பார்ட்டிஷனை மறுபடி உருவாக்குங்கள். தொடக்க எண் ஒரு செக்டர்கூடப் பிசகக் கூடாது. எஃப்டிஸ்க் "இங்கே ஈஎக்ஸ்டி4 அடையாளம் இருக்கிறது, நீக்கவா?" என்று கேட்கும். கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த அடையாளம்தான் உங்கள் ஃபைல்சிஸ்டம்.

என்னைப் போலப் பார்ட்டிஷனை மட்டும் சுருக்கியவர்களுக்கு: தொடக்கம் மாறவில்லை, முடிவுதான் தவறு. நடுவில் போட்ட புதுப் பார்ட்டிஷனின் பதிவை நீக்கிவிட்டுப் பழையதைப் பழைய முடிவு வரை நீட்டுங்கள். முடிவு எண் மறந்துபோனாலும் கவலையில்லை. டம்ப்ஈ2எஃப்எஸ் கட்டளையை "மைனஸ் ஹெச்" சேர்த்து ஓட்டினால் மொத்த பிளாக் (ஃபைல்சிஸ்டத்தின் அளவு அலகு) எண்ணிக்கை வரும். பிளாக் 4096 பைட் என்றால், அந்த எண்ணிக்கையை 8 ஆல் பெருக்கினால் 512 பைட் செக்டர் கணக்கில் ஃபைல்சிஸ்டத்தின் நீளம் கிடைத்துவிடும். பார்ட்டிஷன் அதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.

வால் பகுதியில் எம்கேஎஃப்எஸ் ஓட்டியிருந்தால் அங்கே இருந்தவற்றில் கொஞ்சம் போயிருக்கும். ஆனால் அது முழு இடத்தையும் எழுதுவதில்லை. ஃபைல்சிஸ்டத்தின் கணக்குகளான இனோட் டேபிள், பிட்மேப், ஜர்னல் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) என்று அங்கங்கே எழுதும். என்னுடையது சுழலும் டிஸ்க் என்பதால் பெரும்பகுதி பிழைத்தது.

ஜிபிடியின் தலைப்பகுதி மட்டும் அழிந்திருந்தால் ஜிடிஸ்க்கைத் திறந்து, ஆர் தட்டி மீட்பு மெனுவுக்குப் போங்கள். பேக்கப் என்பதன் முதல் எழுத்தான பி தட்டினால் வாலில் உள்ள ஹெடரையும், சி தட்டினால் அங்குள்ள டேபிளையும் எடுத்துக்கொள்ளும். அடுத்து பிரிண்ட் என்பதன் முதல் எழுத்தான சின்ன 'பீ' தட்டிப் பட்டியலைப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த பார்ட்டிஷன்கள்தான் என்றால் மட்டும் டபிள்யூ தட்டி எழுதுங்கள். ஆனால் ஒன்று: நீங்களே ஒரு கருவியில் டேபிளை மாற்றிச் சேமித்திருந்தால், தலை வால் இரண்டிலும் புதியதுதான் இருக்கும். வாலில் பழையது காத்திருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

எந்த எண்ணும் இல்லை என்றால் டெஸ்ட்டிஸ்க். டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, டேபிள் வகையைச் சொல்லி, அனலைஸ், பிறகு குவிக் சர்ச். கண்டுபிடித்த ஒவ்வொன்றின் மேலும் நின்று பெரிய எழுத்து 'பீ' தட்டினால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் தெரியும். பெயர்கள் ஒழுங்காக வந்தால் இடம் சரி. வராவிட்டால் டீப்பர் சர்ச். அது முழு டிஸ்க்கையும் படிக்கும் என்பதால் நகலெடுத்த அளவுக்கே மணிக்கணக்காகும். சர்வரில் விர்ச்சுவல் மெஷின் இமேஜ்கள் இருந்தால் அவற்றுக்குள் இருக்கும் ஃபைல்சிஸ்டங்களும் தனிப் பார்ட்டிஷன் மாதிரி பட்டியலில் வந்து குழப்பும். அளவையும் தொடக்க எண்ணையும் பார்த்துக் களையெடுங்கள். இந்தக் காலத்துக் கருவிகள் முதல் பார்ட்டிஷனைப் பெரும்பாலும் 2048ஆம் செக்டரில் தொடங்கும். மிகப் பழைய சர்வர்களில் 63.

கிடைத்த எண்ணை டேபிளில் எழுதாமலேயே சோதிக்கலாம். 512 பைட் கணக்கில் உள்ள தொடக்க செக்டரை 512 ஆல் பெருக்குங்கள். 2048 என்றால் 1048576. அதை ஆஃப்செட்டாகக் கொடுத்து, லூஸெட்அப் கட்டளையால் படிக்க மட்டும் என்று ஒரு லூப் டிவைஸை (டிஸ்க்கின் ஒரு பகுதியையோ ஒரு கோப்பையோ தனி டிஸ்க் மாதிரி காட்டுவது) உருவாக்கி மவுண்ட் செய்யுங்கள். ஈஎக்ஸ்டி4 என்றால் "ஆர்ஓ, நோலோடு", எக்ஸ்எஃப்எஸ் (இன்னொரு ஃபைல்சிஸ்டம் வகை) என்றால் "ஆர்ஓ, நோரிகவரி" என்ற தேர்வுகளோடு. வெறும் ஆர்ஓ போதாது. ஜர்னலை ஓட்ட முயன்று டிஸ்க்கில் எழுதக்கூடும். மவுண்ட் ஆகிவிட்டதா? ரிப்பேருக்குப் போகும் முன் கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள்.

6. ஃபைல்சிஸ்டத்தைச் சோதியுங்கள்

ஈ2எஃப்எஸ்சிகே கட்டளையை முதலில் "மைனஸ் என்" சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும். அது எதையும் மாற்றாது, பிழைகளை மட்டும் சொல்லும். ஜர்னலை ஓட்டாமல் பார்ப்பதால் சில பிழைகள் வருவது சகஜம். திரை திரையாக ஓடினால் ஃபைல்சிஸ்டம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். தொடக்கமோ அளவோ தவறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். அளவு ஒத்துப்போகவில்லை, நிறுத்தவா என்று கேட்டால் நிறுத்துங்கள். நான் நிறுத்தாததால் உரிய இடம் தெரியாத கோப்புகள் சேரும் லாஸ்ட் ப்ளஸ் ஃபவுண்ட் அடைவில் ஆயிரக்கணக்கான கோப்புகள் பெயரில்லாமல் வெறும் எண்களோடு குவிந்தன. எது எது என்று பிரிக்க ஒரு முழு நாள்.

சூப்பர்பிளாக்கே காணோம் என்றால் நகல்கள் உண்டு. 4096 பைட் பிளாக் உள்ள ஈஎக்ஸ்டி4இல் 32768, 98304, 163840, 229376 ஆகிய பிளாக்குகளில் வழக்கமாக இருக்கும். ஈ2எஃப்எஸ்சிகே கட்டளைக்கு "மைனஸ் பி 32768" கொடுத்து முயலுங்கள். இந்த எண்களைக் கண்டுபிடிக்க எம்கேஈ2எஃப்எஸ் கட்டளையை "மைனஸ் என்" போட்டு ஓட்டச் சொல்வார்கள். அந்த என் விட்டுப்போனால் டிஸ்க் ஃபார்மட் ஆகிவிடும். அதனால்தான் எண்களையே இங்கே எழுதிவிட்டேன்.

எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர், அதிலும் முதலில் "மைனஸ் என்". பெரிய 'எல்' தேர்வு லாகையே தூக்கி எறியும். அது கடைசி வழி.

எல்விஎம் இருந்தால், பார்ட்டிஷன் சரியான இடத்தில் அமைந்ததுமே பெரும்பாலும் விஜிசேஞ்ச் கட்டளைக்கு எழுந்துவிடும். மெட்டாடேட்டா அழிந்திருந்தால் பழைய யுயுஐடியையும் (தனி அடையாள எண்) ஆர்கைவ் கோப்பையும் கொடுத்து பிவிகிரியேட், அடுத்து விஜிசிஎஃப்ஜிரீஸ்டோர். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு என்றால் எம்டிஏடிஎம்மில் அசெம்பிள் மட்டுமே. கிரியேட் பக்கம் போகவே கூடாது. லக்ஸ் ஹெடர் அழிந்து அதன் பேக்கப்பும் இல்லையென்றால், கடவுச்சொல் தெரிந்தாலும் பயனில்லை.

7. பூட் ஆக வையுங்கள்

தரவு கிடைத்துவிட்டது, ஆனால் சர்வர் எழ மறுக்கிறது. இந்தக் கட்டத்தில் பயம் போய் எரிச்சல்தான் மிஞ்சும்.

முதலில் எஃப்எஸ்டாப். பிஎல்கேஐடி காட்டும் யுயுஐடிகளோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிடுங்கள். பார்ட்டிஷனை மறுபடி உருவாக்கினால் ஃபைல்சிஸ்டத்தின் யுயுஐடி மாறாது, ஜிபிடியில் பார்ட்யுயுஐடி மாறிவிடும். எஃப்எஸ்டாப் அதை நம்பியிருந்தால் திருத்த வேண்டும். இல்லாத டிவைஸுக்காக, சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி இயல்பாக 90 வினாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போகும். தரவுப் பார்ட்டிஷன்களுக்கு "நோஃபெயில்" சேர்த்துவிட்டால் அது இல்லாமலும் சர்வர் எழும், நீங்கள் எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே போய்விடலாம்.

அடுத்து, கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர், பெரும்பாலும் கிரப். ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, அதற்குள் பூட், ஈஎஃப்ஐ (பூட் கோப்புகள் இருப்பவை) பார்ட்டிஷன்களையும் மவுண்ட் செய்யுங்கள். டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் பைண்ட் மவுண்ட் செய்து சிஹெச்ரூட் (அந்த ரூட்டுக்குள்ளேயே நின்று கட்டளைகளை ஓட்டுவது) போங்கள். டெபியன், உபுண்டு என்றால் கிரப் இன்ஸ்டால், அப்டேட் கிரப், அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ். ரெட்ஹேட் வகையில் கிரப்2 எம்கேகான்ஃபிக், ட்ராகட்.

பார்ட்டிஷன் வகையையும் சரிபாருங்கள். ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஜிடிஸ்க்கில் இஎஃப்00 என்ற குறி வேண்டும். பழைய பயாஸ் முறையில் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து கிரப் பூட் செய்வதற்கு இஎஃப்02 குறியோடு 1 மெகாபைட்டில் ஒரு சின்னப் பார்ட்டிஷன் வேண்டும். "இது எதற்கு, காலியாகத்தானே இருக்கிறது" என்று பலர் அழித்துவிடுவது இதைத்தான்.

8. எவ்வளவு நேரம் என்று சொல்வது

மேலதிகாரியோ வாடிக்கையாளரோ கேட்பார்கள். டேபிளைத் திரும்ப எழுதுவது அரை மணி நேர வேலை. ஆனால் வாக்குக் கொடுக்கும்போது நகல் எடுக்கும் நேரம், டீப்பர் சர்ச் நேரம், கோப்புகளைத் திரும்ப நகலெடுக்கும் நேரம் மூன்றையும் கூட்டிச் சொல்லுங்கள். 2 டெராபைட் சுழலும் டிஸ்க்குக்கு ஒரு முழு நாள் என்று சொல்வதுதான் நியாயம். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன் என்று சொன்னவர்தான் நான்காம் படியைத் தாண்டிக் குதிப்பார்.

9. அதே வேலையை மறுபடி செய்யும்போது

பார்ட்டிஷனைச் சுருக்கும் தேவை இன்னும் அப்படியேதான் இருக்கும். ஈஎக்ஸ்டி4க்கு வரிசை இது: அன்மவுண்ட், ஈ2எஃப்எஸ்சிகே "மைனஸ் எஃப்", ரீசைஸ்2எஃப்எஸ் கொண்டு ஃபைல்சிஸ்டத்தை உத்தேச அளவைவிடச் சில ஜிகாபைட் கூடுதலாகவே சுருக்குவது, அதன் பிறகே பார்ட்டிஷன், கடைசியில் அளவு எதுவும் கொடுக்காமல் ரீசைஸ்2எஃப்எஸ்ஸை மறுபடி ஓட்டினால் பார்ட்டிஷன் நிறைய விரிந்துகொள்ளும். பெரிதாக்கும்போது இதற்கு நேர் எதிர், பார்ட்டிஷன் முதலில். எக்ஸ்எஃப்எஸ்ஸைச் சுருக்குவதை நம்ப வேண்டாம். கோப்புகளை வேறிடத்துக்கு எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், எஸ்எஃப்டிஸ்க் கட்டளையை "மைனஸ் டி" (டம்ப் என்பதன் முதல் எழுத்து) சேர்த்து ஓட்டி வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள். சில வரிதான் இருக்கும். அதே கட்டளைக்கு அந்தக் கோப்பை உள்ளீடாகக் கொடுத்தால் பழைய டேபிள் அப்படியே திரும்பிவிடும். "நோ ஆக்ட்" தேர்வோடு ஒருமுறை ஒத்திகையும் பார்க்கலாம். கோப்பை அந்த சர்வரிலேயே வைக்காமல் உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.